ஏழு நாள் சராசரியும் புது காம்பாக்டரும்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து கவிதா போன் செய்தாள். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள்.

"மேடம், புது சாஃப்ட்வேருக்கு மாறிட்டோமுங்க. நீங்க எழுதி வச்சிருந்த ஏழு நாள் ரிப்போர்ட்டு நாப்பது வரி இருந்துச்சு. இப்ப ஒரே வரியில வந்துருச்சுங்க."

"ரொம்ப சந்தோசம் கண்ணு."

"ஒண்ணு மட்டும் புரியலீங்க. தினசரி டேபிள்ல சராசரியைப் போட்டிருந்தாப் போதுமில்லீங்களா? கூட்டுத்தொகையைத் தனியா, எண்ணிக்கையைத் தனியா எதுக்கு வச்சிருக்கீங்க? எடுத்துடட்டுங்களா?"

"எடுத்துடாதே" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அந்தப் பக்கம் அவள் பயந்தே போயிருப்பாள். போனில் இரண்டு வார்த்தையில் காரணம் சொன்னேன். முழுக் காரணமும் ஒரு வாரத்துக் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் குன்னத்தூர்க்காரி. பி.எஸ்ஸி. கணக்கு படித்தேன். பிறகு திருப்பூரில் ஒரு மாடியறையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். வருகைப் பதிவு, கேட் பாஸ், நூல் வரவு என்று தட்டிக்கொண்டே இருந்தேன். கம்பெனி சாயப்பட்டறையும் ஃபினிஷிங்கும் சேர்ந்த தனி யூனிட் தொடங்கியபோது, "ஸ்டெல்லா பொறுமையா இருக்கும், அங்க போடுங்க" என்று என்னை அங்கே அனுப்பினார்கள். அதற்குள் நல்ல டேட்டாபேஸ் ஒன்று வந்திருந்தது. அதனிடம் கேள்வி கேட்கிற எஸ்.க்யூ.எல். மொழியை எழுத நானே புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

யூனிட்டின் ஜி.எம். தங்கமுத்து சார். சோமனூரில் தறிக்காரக் குடும்பம். காலையில் வீட்டில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வருவார். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. அவர் கோபத்தை அளக்க வேறு வழி இருந்தது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "ஏப்பா" என்று கூப்பிட்டால் நல்ல மனநிலை. "ஏனுங்க" என்றால் கவனமாக இருக்க வேண்டும். டீ கொண்டு வருபவரைப் பார்த்து, "ஏனுங்க சார், டீயைக் கொஞ்சம் அங்க வச்சுட்டுப் போறீங்களா" என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு யூனிட்டில் பேச்சு மூச்சு இருக்காது.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனாலும் மேலே இருந்து படிக்க மாட்டார். நடுவில் எங்காவது விரலை வைப்பார். "இந்த வரி எப்புடி வந்துச்சுங்க?" என்பார். அந்த ஒரு வரியை ஆதித் தாள்களிலிருந்து கால்குலேட்டரில் போட்டுக் காட்டினால்தான் கையெழுத்து. காட்ட முடியாவிட்டால் தாளை மெதுவாகத் திருப்பித் தருவார். "எப்ப முடியுதோ அப்பக் கொண்டாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க." பலருக்கு இது எரிச்சல். எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு படித்தவளுக்கு, தான் போட்ட கணக்கை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறார் என்பதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு டீ ஷர்ட் போய்க்கொண்டிருந்தது. அவர்களிடமிருந்து புகார் வந்தது: துவைத்தால் சட்டை நீளத்தில் சுருங்குகிறது.

பின்னல் துணி சாயத்தில் நனைந்து, பிழிந்து, காய்ந்து வரும்போது இழுபட்டிருக்கும். அப்படியே தைத்தால் வாங்கியவர் முதல் முறை துவைத்ததும் சட்டை தொப்புளுக்கு ஏறிவிடும். அதற்காகத்தான் காம்பாக்டர் என்கிற மிஷின். சூடான உருளைமேல் கனமான ஃபெல்ட் கம்பளி ஒன்று துணியை அழுத்திப் பிடித்து, பின்னலை நெருக்கிவிடும். சுருங்க வேண்டியதை அங்கேயே சுருக்கிவிட்டால் பிறகு சுருங்காது. ஒன்றாகச் சாயம் போட்ட ஒவ்வொரு லாட்டிலும் சில ரோல்களில் துண்டு வெட்டி லேபுக்குப் போகும். அங்கே சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்து, காயவைத்து அளப்பார்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சுருங்கக் கூடாது என்பது எங்கள் வாடிக்கையாளர் போட்ட எல்லை.

எங்களிடம் இரண்டு காம்பாக்டர்கள். ஒன்று பழையது, இசக்கிமுத்து ஓட்டுவது. இசக்கி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் மனைவி பேச்சி எங்கள் யூனிட்டிலேயே செக்கிங்கில் இருந்தாள். இன்னொன்று இறக்குமதி செய்த புது மிஷின். அதற்குக் கண்ணாடித் தடுப்பு வைத்து, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, எம்.டி. செல்லமாக வைத்திருந்தார். எம்.டி. என்றால் கம்பெனியைத் தொடங்கிய பெரியவரின் மகன், முப்பது வயது, சுறுசுறுப்பானவர்.

தினமும் காலை மீட்டிங்கில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஒவ்வொரு மிஷினிலும் முந்தின நாள் அதிகமாகச் சுருங்கிய ரோல் எதுவோ, அந்த எண்ணைச் சிவப்பில் எழுதுவார்கள். எம்.டி. கொண்டுவந்த முறை அது. புகார் வந்த சமயத்தில் பழைய மிஷினுக்கு நேரே ஒன்பது என்று வந்தது. அடுத்த வாரம் எட்டரை. புது மிஷின் ஆறு, ஆறரை என்று இருக்கும், சில நாள் ஐந்துக்குள்ளேயே நிற்கும். பலகையைப் பார்த்த யாருக்கும் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே வராது.

"அந்த ஆளை மாத்துங்க" என்றார் எம்.டி. மாற்ற வேறு இடம் இல்லை. அதனால் வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆணை என் மேஜைக்கு வந்தது, ஏனென்றால் வருகைப் பதிவிலிருந்து பேரை நீக்குவது என் வேலை.

மத்தியானம் இசக்கியே வந்து நின்றார்.

"மேடம், பேரை எடுத்துட்டியளா?"

"இன்னும் இல்லீங்க."

"ஒரு நா ஒம்போது வந்ததச் சொல்லுதாவ. வந்துதுதான், நான் இல்லைங்கல. ஆனா ரெண்டு வருசமா அந்த மிஷின்ல நிக்கேன். மத்த நாளெல்லாம் என்ன வந்துதுன்னு யாராது பாத்தாவளா?"

லேபில் அளந்த ஒவ்வொரு ரோலின் அளவும் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வாடிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்காக ஏற்றினோம். கேட்டதும் இல்லை, காட்டியதும் இல்லை. மத்த நாளெல்லாம் என்னிடம்தான் இருந்தன.

"நாளைக்கு வாங்க. இன்னிக்கு நான் பேரை எடுக்கலீங்க" என்றேன்.

ஒவ்வொரு நாளின் எண்ணையும் முதலில் அப்படியே வரிசையாக எடுத்துப் பார்த்தேன். மூன்று, ஐந்தரை, நான்கு, ஆறு, மூன்றரை. இரண்டு மிஷினுமே தினமும் குதித்தன. துணிக்குத் துணி மாறும், நிறத்துக்கு நிறம் மாறும், குதிக்கத்தான் செய்யும். குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

கல்லூரியில் படித்த நகரும் சராசரி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாளுக்கும், அந்த நாளையும் அதற்கு முந்தைய ஆறு நாளையும் சேர்த்து ஒரு சராசரி. அடுத்த நாளுக்கு நகரும்போது புது நாள் ஒன்று உள்ளே வரும், மிகப் பழைய நாள் ஒன்று வெளியே போகும். ஒரு நாளின் துள்ளல் அதில் அமுங்கிவிடும். மெதுவாக நகர்வது மட்டும் மேலே மிதந்து வரும்.

இன்றைக்குக் கவிதா எழுதுகிற மாதிரி, "முன்னாலுள்ள ஆறு நாளையும் சேர்த்துக்கொள்" என்று ஒரு வரியில் சொல்ல அப்போது எங்கள் டேட்டாபேஸில் வசதியில்லை. ரோல் அளவுகள் இருந்த அட்டவணையை, அந்த ஒரே டேபிளை, நான் இரண்டு பேர் மாதிரி எதிரெதிரே நிற்க வைத்தேன். முதல் ஆள் ஒரு தேதியைச் சொல்வார். இரண்டாவது ஆள் அந்தத் தேதியிலிருந்து பின்னால் ஆறு நாள்வரை உள்ள எல்லா ரோல்களையும் அள்ளிக்கொண்டு வந்து நிற்பார். அள்ளியதைச் சராசரி எடுக்க வேண்டும். டேபிள் தன்னையே தான் தேடிக்கொள்கிற வேலை. எழுதிவிட்டு ஓட்டினேன்.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. இன்டர்காம் அடித்தது.

"ஏனுங்க மேடம், டிஸ்பாட்ச்சுலருந்துங்க. லாரி நிக்குதுங்க. கேட் பாஸ் பிரிண்டே வரமாட்டேங்குதுங்க."

இரண்டு வருடத்து ரோல்களில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வாரத்து ரோல்களை நிறுத்தியிருக்கிறேன். மொத்த யூனிட்டின் கம்ப்யூட்டரும் மூச்சுத் திணறி நின்றது. நிறுத்திவிட்டு யோசித்தேன். முதலில் நாளுக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிட்டால் போதும். ஒரு மிஷின், ஒரு தேதி, அன்றைய சராசரி. அந்தச் சின்ன டேபிளை வைத்துத் திரும்ப ஓட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்தது.

விடை இசக்கிக்கு எதிராக இருந்தது. பழைய மிஷினின் ஏழு நாள் சராசரி ஆறுக்குப் பக்கத்தில் நின்றது.

மனசு விழுந்துவிட்டது. ஆனால் தங்கமுத்து சாரிடம் அத்தனை வருடம் இருந்தவளுக்கு நடுவில் விரல் வைக்காமல் தாளை எடுத்துப் போக முடியாது. ஒன்பது வந்த நாளின்மேல் விரலை வைத்தேன். அந்த வரி எப்படி வந்தது? லேப் பதிவைத் திறந்து பார்த்தால், அன்றைக்குப் பழைய மிஷினில் அளந்தது ஒரே ஒரு ரோல். ஏதோ சாம்பிளுக்கு ஓட்டிய கனத்த துணி. அந்த வாரம் எகிறிய மற்ற நாட்களும் அப்படித்தான், ஒன்றிரண்டு ரோல். ஒன்பது வந்ததற்கு முந்தின நாள் நாற்பது ரோல் அளந்திருந்தார்கள், சராசரி நான்கு. என் கணக்கு அந்த ஒரு ரோலையும் இந்த நாற்பது ரோலையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. நான்கும் ஒன்பதும் சேர்த்தால் பதின்மூன்று, பாதி ஆறரை. நியாயமாகப் பார்த்தால் நாற்பத்தொரு ரோலையும் கூட்டி நாற்பத்தொன்றால் வகுக்க வேண்டும். நான்குக்குமேல் ஒரு துளி, அவ்வளவுதான். சராசரிகளுக்குச் சராசரி எடுத்தால் ஒற்றை ரோல் ஒன்று ஒரு மனிதனின் வேலையைத் தின்றுவிடும்.

தினசரி டேபிளிலிருந்து சராசரியைத் தூக்கினேன். அந்த இடத்தில் இரண்டு எண்கள் வைத்தேன்: அன்றைய அளவுகளின் கூட்டுத்தொகை, அளந்த ரோல்களின் எண்ணிக்கை. ஏழு நாள் கூட்டுத்தொகைகளைக் கூட்டி, ஏழு நாள் எண்ணிக்கைகளின் கூட்டால் வகுக்கச் சொன்னேன். பின்னால் போவதையும் வரிக் கணக்கில் வைக்கவில்லை, தேதிக் கணக்கில் வைத்தேன். மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் வரி இருக்காது. ஏழு வரி என்று எண்ணினால் பொங்கல் லீவுக்குப் பிறகு அது லீவுக்கு முந்தின வாரத்துக்கே போய் நிற்கும்.

திரும்ப ஓட்டி, படமாக வரைந்தேன். பழைய மிஷினுக்கு நீலம், புதுசுக்குச் சிவப்பு.

நீலக் கோடு நான்கை ஒட்டி, குளத்துத் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது. சிவப்புக் கோடு கோடைக்கு முன்னால் மூன்றரையில் இருந்தது. அங்கிருந்து வாரத்துக்கு வாரம், அவசரமே இல்லாமல், மேடு ஏறும் மாட்டு வண்டிபோல ஏறி, ஐந்தைத் தாண்டி ஐந்து புள்ளி இரண்டில் வந்து நின்றது. பலகையில் கண்ணை உறுத்துகிற அளவுக்கு ஒரு நாள்கூட அது பெரிதாகத் தப்பு செய்யவில்லை. எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு செய்தது. சட்டைகள் சுருங்கியது அதனால்தான். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க மேடம், எலியா?" என்று கேட்டார்.

அந்தத் தாளோடு ஜி.எம். அறைக்குப் போனேன். தங்கமுத்து சார் சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நடுவில் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ளி எப்புடி வந்துச்சுங்க?"

லேபிலிருந்து அந்த ஏழு நாள் சீட்டுகளை வரவழைத்தோம். நான் படிக்கப் படிக்க அவரே கால்குலேட்டரில் தட்டினார். இடையில் டீ வந்து ஆறியது. கடைசியில் வகுத்தார். திரையில் இருந்த அதே எண். இன்னொரு புள்ளியில் விரல் வைத்தார். அதையும் போட்டோம். அதுவும் அதே.

"சரிங்க" என்றார். பிறகு விரலைக் கோடு ஏறத் தொடங்கிய இடத்துக்கு நகர்த்தினார். முகம் மாறியது. "ஸ்டெல்லாம்மா, இந்த வாரத்துலதான் நாம புது மிஷின்ல ஹீட்டைக் கூட்டினோம். வேகம் பத்தலைன்னு எம்.டி. தம்பி சொன்னாரில்லீங்க?"

நேராகப் புது மிஷினுக்குப் போய், நிறுத்தச் சொல்லி, மூடியைத் திறந்து ஃபெல்ட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று இருக்க வேண்டிய கம்பளி செருப்புத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதிகச் சூட்டில் மாதக்கணக்கில் வெந்து பிடிமானம் போய்விட்டது. இனி அது துணியை நெருக்காது, சும்மா தடவித்தான் அனுப்பும். எந்த மிஷின், எப்போதிருந்து என்று என் கோடு சொன்னது. ஏன் என்று சொன்னது அவர் கை. இரண்டும் சேர்ந்ததில் எங்கள் இருவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. டெபுடி மேனேஜர் ஒருவர் வந்து, "யாருக்காச்சும் கல்யாணம் நிச்சயமாயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எம்.டி. அவ்வளவு சுலபமாகச் சிரிக்கவில்லை.

"அண்ணா, அது இம்போர்ட்டட் மிஷின். போர்டைப் பாருங்க, பழசுலதான ஒம்போது வந்திருக்குது?"

"ஒரு நாளு, ஒரு ரோலுங்க தம்பி. ஒரு நாளை வச்சுப் பேசுனா மழை பேஞ்ச அன்னிக்குத் திருப்பூரு ஊட்டியாயிருமுங்க. வாரத்தைப் பாருங்க."

"சரி, ஃபெல்ட்டை மாத்தறீங்க. அதுக்கும் சரியாகலைன்னா? வர்ற சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை, சட்டை வாங்கற கம்பெனியோட பையிங் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. அடுத்த சீசன் ஆர்டரு நமக்கா வேற ஆளுக்கான்னு அன்னிக்குத்தான் முடிவு."

"சரியாகலைன்னா நான் அவங்ககிட்டப் பேசிக்கறேனுங்க. அதுவரைக்கும் இசக்கி பேரை எடுக்க வேண்டாமுங்க, சார்."

தம்பி, சார் ஆகிவிட்டார். எம்.டி.க்கும் அந்த அளவுகோல் தெரியும். "மறு சனிக்கிழமை வரைக்கும்" என்றார்.

வேறு ஃபெல்ட் ஸ்டோரில் இருந்தது. உற்பத்தி கெடாமலிருக்க ஞாயிற்றுக்கிழமை மாற்றினார்கள். பழைய மிஷினில் ஃபெல்ட் மாற்றிப் பழகிய கை இசக்கியுடையது என்பதால், தங்கமுத்து சார் அவரையே கூப்பிட்டனுப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் இசக்கி போனதும், ஃபிட்டர்களோடு சேர்ந்து பொழுதுக்கும் குனிந்து நின்றதும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஹீட்டும் பழைய அளவுக்கு இறங்கியது.

திங்கட்கிழமை ரோல்களின் அளவு மூன்று புள்ளி நான்கு. பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. ஆனால் பலகையில் இப்போது ஏழு நாள் சராசரியைத்தான் எழுதச் சொல்லியிருந்தார் ஜி.எம். அது நான்கு புள்ளி ஒன்பது.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் எம்.டி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சு புள்ளி ரெண்டு இருந்துச்சு. புது ஃபெல்ட் போட்டும் நாலு புள்ளி ஒம்போது. இவ்வளவுதானுங்களா?"

"நேத்து ஒரு நாளு மட்டும் எடுத்தா மூணு புள்ளி நாலுங்க சார்" என்றேன்.

"ஒரு நாளை வச்சுப் பேசக் கூடாதுன்னு சொன்னது யாருங்க?"

அறை முழுக்கச் சிரித்தது. நியாயமான கேள்வி. எனக்குக் காது சுட்டது. ஆனால் விடை என்னிடம் இருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனேன்.

"சார், ஞாயிறு மிஷின் ஓடலைங்க. அதனால இந்த நாலு புள்ளி ஒம்போதுல பழைய ஃபெல்ட்டு நாளு அஞ்சு இருக்குதுங்க, புது ஃபெல்ட்டு நாளு ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கு ஒரு பழைய நாளு வெளிய போகும், ஒரு புது நாளு உள்ள வரும். தினமும் அப்படித்தானுங்க. ஃபெல்ட்டுதான் காரணம்னா ஒவ்வொரு நாளும் எவ்வளவு இறங்கோணும்னு இப்பவே எழுதிடறேன். இறங்கலைன்னா நான் சொன்னது தப்புங்க."

எழுதினேன். செவ்வாய் 4.6. புதன் 4.3. வியாழன் 4.0. வெள்ளி 3.7. சனி 3.4. எழுதிய பிறகுதான் உறைத்தது. இருபது பேர் பார்க்க, இன்னும் துவைக்காத துணி எவ்வளவு சுருங்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எம்.டி. பலகையைப் பார்த்தார். "இதை யாரும் அழிக்கக் கூடாது" என்றார்.

செவ்வாய்க்கு 4.6 வந்தது. புதனுக்கு 4.3. யூனிட்டில் பேச்சு பரவிவிட்டது. சாயப்பட்டறை ஆட்கள், லேப் பெண்கள், ஹிந்தி பேசுகிற லோடுமேன்கள்வரை வந்து பலகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டிஸ்பாட்ச்காரர் தினமும் காலையில் போன் செய்து, "மேடம், இன்னிக்கு ஸ்கோர் என்னங்க?" என்பார்.

வியாழக்கிழமைக்கு 4.1 வந்தது. நான் எழுதியது 4.0.

ஒரு துளிதான். ஆனால் வெள்ளிக்கிழமை காலை மீட்டிங்கில் எல்லோர் கண்ணும் என்மேல். எம்.டி. புருவத்தை உயர்த்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கமுத்து சார் எழுந்தார்.

"வியாழக்கிழமை கரண்டு பாதி நாளு இல்லீங்க தம்பி. ஜெனரேட்டர்ல புது மிஷின் ஓட்டல. அன்னிக்கு ஓடுனது பாதி ரோலுதான். பாதி ரோலு வந்தா அந்த நாளுக்குப் பாதி பலந்தானுங்களே இருக்கும்? ஸ்டெல்லாம்மா முழு நாளுன்னு நெனைச்சு எழுதுனாங்க." கால்குலேட்டரை எம்.டி. பக்கம் தள்ளினார். "நீங்களே போட்டுப் பாருங்க."

எம்.டி. நின்றுகொண்டே போட்டார். நான்கு புள்ளி பூஜ்ஜியம் ஐந்து சொச்சம். சுருக்கினால் 4.1. இன்னொரு முறை போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு சின்னப் பையனின் சந்தோஷம் இருந்தது. "அதுகூட வருதுங்களே!" என்றார். கணக்கு தப்பாய்ப் போனதுபோல் தெரிந்த அந்த ஒரு நாள்தான் அவரை முழுதாக எங்கள் பக்கம் இழுத்தது. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதற்கு, கவிதா, இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளி 3.7.

சனிக்கிழமை பையிங் ஆபீஸிலிருந்து நந்தினி என்கிற தர அதிகாரி வந்தார். கறாரானவர் என்று பேர். காபிகூடக் குடிக்கவில்லை. புது மிஷினில் ஓடிய ரோல்களில் தானே தேர்ந்தெடுத்துத் துண்டு வெட்டி, லேபில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று துவைப்பும் முடியும்வரை எழவே இல்லை. சாயங்காலம் தானே ஸ்கேலை வைத்து அளந்தார். எல்லாம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்.

"போன தடவை வந்தப்ப இதே மிஷின்ல வேற மாதிரி இருந்ததே. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

எம்.டி. அவரைப் பலகைக்குக் கூட்டிப்போனார். என் கையெழுத்தில் எழுதியிருந்த ஐந்து எண்களையும், பக்கத்தில் வந்த எண்களையும் காட்டி, வியாழக்கிழமைக் கதையைத் தானே சொன்னார், நான் சொல்வதைவிட நன்றாகவே. ஹீட்டைக் கூட்டச் சொன்னது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நந்தினி சிவப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் நெடுநேரம் பார்த்தார். "இதே மாதிரி ரிப்போர்ட் மாசாமாசம் எங்களுக்கு அனுப்ப முடியுமா? மத்த ஃபேக்டரிகளுக்கும் நான் காட்டணும்." அடுத்த சீசன் ஆர்டர் எங்களுக்கு என்பதை அதற்குப் பிறகு ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஏழு நாள் சராசரி என்னைவிட வேகமாகக் கம்பெனி முழுக்கச் சுற்றிவந்தது. ஃபெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கோட்டைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்தோம். தையல் லைன்களில் தினமும் ஒரு சூப்பர்வைசரை எழுப்பி நிறுத்தித் திட்டுகிற பழக்கம் ஒழிந்தது. எம்.டி. என்னைக் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குத் தலைவியாக்கினார். டேட்டாபேஸில் புது வசதி வந்தபோது நாற்பது வரியைச் சுருக்கலாம் என்று எனக்கும் தெரியும்; சுருக்க மனசு வரவில்லை. அதைக் கவிதா செய்துவிட்டாள். நல்லதுதான், அவள் வரி வேகமாக ஓடுகிறது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நந்தினியின் கார் கேட்டைத் தாண்டிய பிறகு, இசக்கி என் அறைக்கு வந்தார். பின்னால் பேச்சி.

"ஜி.எம். கூப்பிட்டுச் சொல்லிட்டாவ மேடம். திங்கக்கெழமலேர்ந்து ரெண்டு மிஷினையும் நான்தான் பாக்கணுமாம்." பின்னால் திரும்பிப் பேச்சியைக் காட்டினார். "இவ அந்தப் படத்தப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

நாற்காலியைத் தள்ளி பேச்சிக்குத் திரையைக் காட்டினேன். அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"இதுல இவிய எது மேடம்?"

"நீலம்."

திரையில் விரலை வைத்து, இரண்டு வருடத்தையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். ஒன்பது வந்த நாளைத் தாண்டும்போதுகூட அவள் விரல் ஏறவில்லை.

"ஏங்க, ஒரே மட்டமாலா போவுது" என்றாள்.

"பெறவு? நான் அன்னைக்கே சொன்னம்லா" என்றார் இசக்கி.

அதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மை காயவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மடிக்காமல், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து போகிற கூட்டத்தின் நடுவே நடந்துபோனாள். இசக்கி முன்னால் போய் அவளுக்கு வழி விலக்கிக்கொண்டிருந்தார்.